பரணில் நடந்த வகுப்பு

உதயரூபன் சேரிடம் ஒரு இங்கிலீசுச் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். அதன் ஊர், பேர், தாய் தகப்பன், சொந்தபந்தம் எல்லாம் விசாரித்து முடிக்காமல் கையை விட மாட்டார். தன்னாமுனையில் அவருடைய வீட்டில் நடக்கும் வகுப்புக்கு ஏறாவூரிலிருந்தும் ஆட்கள் வருவது இதற்காகத்தான். மனுசனுக்கு வேறு கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. பேச்சு ஒன்றுதான். பேசத் தொடங்கினால் பக்கத்தில் பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் தெரியாது என்று அவர் மனைவி தனுஷா சொல்வாள். அதை அவள் சிரித்துக்கொண்டு சொன்னதெல்லாம் இந்த மாசி மாதத்துக்கு முன்னம்.

தனுஷாவுக்குச் சீதனமாக வந்த வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், மருதையடி வட்டையில் கிடக்கிறது. வட்டை என்றால் பல பேருடைய வயல்கள் வரம்போடு வரம்பாகக் கிடக்கும் பெரிய வெளி. எங்கள் பக்கத்து மாப்பிள்ளைமார் கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்குத்தான் குடி வருவார்கள். சேரும் அப்படி வந்தவர். வீடு அவருக்கு உடனே பிடித்துப்போனது. வயல்தான் இன்னும் பிடிபடவில்லை. விதைப்பதற்கும் வெட்டுவதற்கும் ஆள் பிடிக்கலாம். யானைக் காவலுக்கு மட்டும் ஆள் பிடிக்க முடியாது, அது வட்டையின் சட்டம். கதிர் முற்றிவிட்டால் வாத்தியாரோ வைத்தியரோ, முறை வந்த அன்று வயலுக்குடையவரே பரணில் ஏறி இருக்க வேண்டும். இரண்டிரண்டு பேராக இருக்க வேண்டும்.

சேருக்குச் சோடியாக வாய்த்தவர் நல்லரத்தினம். வாய்த்தவர் என்ன, சேர்தான் விரும்பி எடுத்தார். வேறு ஒருவரும் அவரோடு சோடி சேர வரவில்லை. நல்லரத்தினம் முந்தி குடியில் மூழ்கிக் கிடந்த மனுசன். இரண்டு வருசத்துக்கு முன்னம் அவர் மனைவி இலட்சுமிப்பிள்ளை அவருடைய சாரனையும் சட்டையையும் ஒரு பையில் போட்டு வேலிப் படலைக்கு வெளியே வைத்துவிட்டாள். வீடு அவளுடையது, அவள் தாய் கொடுத்தது. வெளியே போ என்றால் போகத்தான் வேண்டும். நல்லரத்தினம் வயல்வாடியில், அந்த ஓலைக் குடிசையில், கிடந்து சீரழிந்தார். போன வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கில், சனமெல்லாம் பார்த்திருக்க, இனித் தொட மாட்டேன் என்று நேர்த்தி வைத்தார். சொன்னபடி தொடவும் இல்லை. ஆவணியில் இலட்சுமிப்பிள்ளை படலையைத் திறந்து விட்டாள். ஆனாலும் ஊர் வாய் அவரை இன்னும் படலைக்கு வெளியேதான் வைத்திருந்தது. அந்த மனுசனோடு சோடி சேர்ந்ததில் சேருக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. தான் எவ்வளவு நல்லவன் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டு திரிந்தார்.

அன்றைக்குக் காவலுக்குப் புறப்படும் நேரத்தில் டோஹாவிலிருந்து நிலோஜன் அழைத்தான். நிலோஜன் வேறு யாருமல்ல, அதே வட்டையில் வாவியோரமாக வயல் செய்யும் வேலப்போடியின் மகன். அங்கே ஒரு பெரிய களஞ்சியத்தில் மூட்டை தூக்குகிறான். சேரிடம் இணையத்தில் இங்கிலீசு படிக்கிறான்.

"சேர், ஸ்டோர் கீப்பர் வேலைக்கு நாளைக்கு என்னக் கூப்பிட்டிருக்காங்க. இந்த 'கீப்' என்ற சொல்ல ஒருக்கா வடிவா விளங்கப்படுத்துவீங்களா? இண்டைக்குப் பின்னேரம்தான் எனக்கு நேரம்."

'கீப்' என்ற சொல்லைக் கேட்டதும் சேருக்கு நாக்கு ஊறிவிட்டது. காவல் இருக்கிறது, இன்றைக்கு ஏலாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன்னாமுனை வீட்டில் விட்டு விட்டு வரும் சிக்னல் பரணில் ஏறினால் முழுசாகக் கிடைக்கும் என்பது அவர் போன முறையே கண்டுபிடித்து வைத்திருந்த சங்கதி. அங்கிருந்தே நடத்திவிடலாம், காவலுக்குக் காவலும் ஆயிற்று, வகுப்புக்கு வகுப்பும் ஆயிற்று என்று கணக்குப் போட்டார். மற்ற மாணவர்களுக்கும் தகவல் போனது.

பொழுது சாயும் நேரம் இருவரும் பரணடிக்கு வந்து சேர்ந்தார்கள். வேலப்போடியின் வயல் பரணுக்கு நேர் முன்னே, வாவித் தண்ணீர் வரை மஞ்சளாகக் கிடந்தது. மறுநாள் விட்டு மறுநாள் வெட்டுமெசின் வர இருந்தது. காட்டுப் பக்கம் மின்வேலி உண்டு. ஆனால் மின்வேலி போட்ட பிறகு யானைகளும் படித்துவிட்டன. வேலியைச் சுற்றிப் போய் வாவிக்குள் இறங்கி, ஆழமில்லாத தண்ணீரால் நடந்து வரப் பழகியிருந்தன.

"நான் காட்டுப் பக்கத்தால ஒரு சுத்துப் போயிட்டு வாறன்," என்றார் நல்லரத்தினம். "கம்பி ரெண்டிடத்தில தொங்குது, கட்ட வேணும். வாவிப் பக்கம் உங்கட பொறுப்பு, சேர். தண்ணிச் சத்தம் கேட்டா யோசிக்காம வெடியக் கொளுத்துங்க." போகத் திரும்பியவர் சேரின் கையில் இருந்த இயர்போனைப் பார்த்து நின்றார். "அத காதுக்குள்ள வச்சா எப்பிடிக் கேக்கும்?"

"ஒரு காதுலதான் வைப்பன். மத்தக் காது உங்களுக்குத்தான்."

நல்லரத்தினம் சிரித்துவிட்டுப் போனார். படித்த மனுசன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய சிரிப்பு அது.

வகுப்பு நன்றாகத்தான் தொடங்கியது. 'கீப்' என்றதும் இரண்டு மூன்று பேர் கிக்கிக் என்று இளித்தார்கள். நம்மவர் வாயில் அந்தச் சொல் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் புழங்குகிறது, அதுவும் வீட்டுக்காரிக்குத் தெரியாமல் வைத்திருக்கும் காரியத்துக்கு. சேரும் கூடச் சிரித்துவிட்டு, "அந்தப் பாவத்த விட்டுப்போட்டு மத்ததுகளப் பாப்பம்," என்றார். பிறகு மளமளவென்று அடுக்கினார். கோழி வளர்ப்பதும் கீப், சொன்ன சொல்லைக் காப்பதும் கீப். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் அதுதான், விடாமல் நடந்துகொண்டிருப்பதற்கும் அதுதான். மீன் பழுதாகாமல் இருந்தால் மீனே கீப் பண்ணுகிறது, மணிக்கூடு பிந்தாமல் ஓடினால் அதுவும் நேரத்தைக் கீப் பண்ணுகிறது. கோல் கம்பத்தடியில் கையுறை போட்டு நிற்பவனைச் சொல்லவும் வேண்டுமா. நிலோஜன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். அவன் குரல் தெளிவில்லாமல் வரவே, சேர் மற்றக் காதிலும் செருகிக்கொண்டார்.

அப்போதுதான் நிலோஜன் கேட்டான்.

"சேர், உங்கட பக்கம் தண்ணிக்குள்ள ஆரோ நடக்கிற மாதிரிச் சத்தம் கேக்குது."

சேர் தலையைக்கூடத் திருப்பவில்லை. "எருமையா இரிக்கும். பட்டிக்கு ஓட்டிப் போறாங்க போல. நீ இதக் கேளு, இனித்தான் விசயமே இரிக்கு."

விசயம் என்னவென்றால் அந்தச் சொல்லின் பிறப்பு. நம் ஊரில் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் என்ன குடி என்று கேட்போம், தாய்வழியில் அவர் எந்தக் கூட்டம் என்று அறிவதற்கு. மற்ற இங்கிலீசுச் சொற்களிடம் அப்படிக் கேட்டால், நான் ஜெர்மன்காரனுக்குச் சொந்தம், நான் லத்தீன் வீட்டுப் பிள்ளை என்று ஏதாவது பதில் வரும். 'கீப்' மட்டும் வாய் திறக்காது. ஏறக்குறைய ஆயிரம் வருசத்துக்கு முன்னம் திடீரென்று எழுத்தில் வந்து நிற்கிறது. அக்கம்பக்கத்து மொழி எதிலும் அதற்கு உறுதியான உறவு கிடையாது. எங்கிருந்து வந்தது என்று படித்தவர்களுக்கும் தெரியாது. "அநாதைச் சொல்," என்று சொல்லும்போது சேருக்குக் குரலே கம்மியது. "ஆனா ஒண்டு தெரியும். அந்தக் காலத்தில அதுக்கு இருந்த கருத்து, எட்டிப் பிடிக்கிறது, கண் வச்சுப் பாத்திருக்கிறது. காவல்தான் அதிட பழைய வேலை. வைக்கிறதும் வளக்கிறதும் எல்லாம் பிறகு வந்து ஏறினது. நாளைக்கு ஆரும் கேட்டா இத சொல்லு, நிலோஜன். ஸ்டோர் கீப்பர் எண்டா சாமான் வச்சிருக்கிறவன் இல்ல, சாமான்ல கண் வச்சிருக்கிறவன்."

பரண் கால் ஆடியபோதுதான் அவர் திரும்பினார். காதிலிருந்ததைப் பிடுங்கினார். வயல் முழுக்கச் சத்தம். நல்லரத்தினம் எங்கோ காட்டுப் பக்கத்திலிருந்து கத்திக்கொண்டு ஓடி வருகிறார், வெடி வெடிக்கிறது, டோர்ச் வெளிச்சம் பாய்கிறது. அந்த வெளிச்சத்தில் வேலப்போடியின் வயல் நடுவே யானைகள், குட்டியோடு, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் போல ஆறுதலாகத் தின்றுகொண்டு நின்றன. சேரின் வெடிகள் அவர் மடியிலேயே கிடந்தன, ஒன்றும் கொளுத்தப்படாமல்.

விரட்டி முடித்தபோது வயலில் நிமிர்ந்து நின்றது கொஞ்சம்தான். தின்றது பாதி, மிதித்தது மீதி. சத்தம் கேட்டு ஊர்ச்சனம் மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்கியது. வேலப்போடி வரம்பில் குந்தி, மிதிபட்ட கதிர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை.

"சேர், நீங்க எங்க நிண்ட?" என்று கேட்டார் வேலப்போடி.

"பரணிலதான்."

"நல்லரத்தினம்?"

"கனநேரமா ஆளக் காணல்ல."

இரண்டும் உண்மை. பொய் ஒரு சொல்லும் இல்லை. சொல்லின் தாய் தகப்பனைத் தேடித் திரிகிற மனுசன், தன் வாயிலிருந்து இப்போது போன சொல் எங்கே போய் நிற்கும் என்று அறியாதவரா? அறிந்தவர்தான். அறிந்துகொண்டேதான் விட்டார். கூட்டத்தில் யாரோ, "வாடிக்குள்ள போத்தலோட கிடந்திருப்பான்," என்றார்கள். அப்போதே அவர் வாய் திறந்திருக்க வேண்டும். நல்லரத்தினம் மூச்சு வாங்க நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கம்பி கட்டிய கை கீறி இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. சேர் குனிந்து செருப்பிலிருந்த சேற்றைத் துடைத்தார்.

விடிந்ததும் வட்டைவிதானை, அதாவது வட்டைக்கு எல்லாரும் சேர்ந்து தெரிந்தெடுத்த தலைவர், எல்லாரையும் பரணடியில் கூட்டினார். நல்லரத்தினம் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார்.

"நான் காட்டுப் பக்கம் கம்பி கட்டினன். வாவிப் பக்கம் சேர்ட பொறுப்பு. சேரே இரிக்கார், அவரக் கேளுங்க."

எல்லாரும் சேரைப் பார்த்தார்கள். தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீர் கொடுப்பது எவ்வளவு இலேசோ அவ்வளவு இலேசான காரியம் அது. ஓம் என்றால் போதும். ஆனால் தன்னாமுனையிலிருந்து ஏறாவூர் வரை சேர் என்று எழுந்து நிற்கிறவர்களின் முகமெல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"அந்த இருட்டில என்ன நடந்ததெண்டு எனக்கும் சரியா விளங்கல்ல," என்றார்.

விதானை தீர்ப்பைச் சொன்னார். வெள்ளிக்கிழமை அம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்துவது. அன்று குடிக்கவில்லை என்றால் நல்லரத்தினம் அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணுவது. அணைக்காவிட்டால் இனி இந்த வட்டையில் அவருக்கு வேலையும் இல்லை, காவலும் இல்லை. அம்மன் வாசலில் பொய்க்குக் கற்பூரம் அணைத்தவர் எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது. அந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு.

பிறகு வந்த நாட்களில் சேருக்குச் சோறு இறங்கவில்லை. தனுஷா தயிர்ச்சட்டியைக் கொண்டு வந்து முன்னே வைத்தால் அதையும் தள்ளி வைத்தார். "என்ன நடந்த? யானைய கண்டு பயந்துட்டீங்களா?" என்று அவள் கேலி பண்ணிப் பார்த்தாள். பிறகு கேலியை விட்டாள். வகுப்பில் பிள்ளைகள் பாதியில் நின்ற 'கீப்' பாடத்தை முடிக்கச் சொன்னார்கள். சேர் வேறு பாடம் எடுத்தார்.

வியாழன் காலை நிலோஜன் அழைத்தான்.

"வேல கிடைச்சிட்டு, சேர். நீங்க சொன்ன பழைய கருத்தத்தான் சொன்னன், கண் வச்சிருக்கிறவன் எண்டு. மனேஜருக்கு நல்லாப் பிடிச்சிட்டு."

"சந்தோசம்," என்றார் சேர்.

பிறகு அவன் மெல்லச் சொன்னான்.

"சேர், அண்டைக்குத் தண்ணிக்குள்ள கேட்ட சத்தம். அப்பா வயல் அழிஞ்ச கதையச் சொன்ன உடன எனக்கு விளங்கிட்டு. நான் ஆருக்கும் சொல்லல்ல. அப்பாக்கும் சொல்லல்ல. உங்கட பேர் கெட்டுப் போகக் கூடாது. ஆனா நல்லரத்தினம் மாமா குடிச்சிட்டு யானைய உள்ள விட்டவர் எண்டு அப்பா சொல்றார். மெய்யா சேர்?"

"லைன் சரியில்ல, மனே. பிறகு எடுக்கிறன்," என்று சேர் அழைப்பைத் துண்டித்தார். லைனுக்கு ஒரு குறையும் இல்லை.

தகப்பனின் வயல் போயும் தன் பெயருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறான் ஒரு பிள்ளை. சேர் வெட்கத்தில் வியர்த்துப் போனார். அன்று பின்னேரத்துக்கு முன்னமே வாவியைக் கடந்து போய் வேலப்போடியின் காலில் விழுந்திருக்கலாம். நல்லரத்தினத்தின் வாசலுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தும் விட்டார். எடுத்துவிட்டு யோசித்தார். நாளைக்குத்தானே கோயிலில் எல்லாரும் கூடுகிறார்கள், சனத்துக்கு முன்னால் வைத்துச் சொன்னால்தானே நல்லரத்தினத்தின் பெயர் முழுசாகத் துலங்கும் என்று தோன்றியது. நல்ல நியாயம். பேசிப் பழகிய மனுசனுக்குப் பாவத்தைச் சொல்லவும் ஒரு சபை வேண்டியிருக்கிறது. மோட்டார் சைக்கிளைத் திரும்ப உள்ளே வைத்தார்.

வெள்ளிக்கிழமை அம்மன் வாசலில் வட்டைச் சனம் முழுக்க நின்றது. நல்லரத்தினம் முழுகி ஈரத்தலையோடு வந்து, வாசலுக்குள் வராமல் வேம்படியில் நின்றார். இலட்சுமிப்பிள்ளை பெண்களோடு நிற்காமல் தனியாக நின்றாள். விதானை கற்பூரக் கட்டியைத் தரையில் வைத்துப் பற்ற வைக்கக் குனிந்தபோது, சேர் முன்னே வந்தார்.

சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார். வகுப்பைச் சொன்னார், இரண்டு காதையும் அடைத்ததைச் சொன்னார், வாவிப் பக்கம் தன் பொறுப்பு என்பதைச் சொன்னார்.

விதானை அவர் தோளில் கை வைத்துச் சிரித்தார். "சேர், உங்கட மனசு ஆருக்கு வரும்? ஆனா ஒரு குடிகாரனக் காப்பாத்த நீங்க பழியத் தலையில போடத் தேவல்ல."

வேலப்போடியும் தலையாட்டினார். "எனக்கு வயல்தான் போன, சேர். உங்கட பேரும் சேந்து போக வேணாம். விடுங்க."

சனம் அவரைக் கும்பிடாத குறை. பார்த்தீர்களா, எப்படிப்பட்ட மனுசன் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். உண்மையை மறைத்தபோது நம்பிய அதே சனம், உண்மையைச் சொன்னபோது நம்ப மறுத்து அவரை இன்னும் ஒரு படி மேலே ஏற்றி வைத்தது. சேருக்கு அழுகை வந்தது.

அவர் விதானையின் கையிலிருந்த நெருப்புப்பெட்டியை வாங்கிக் கற்பூரத்தைத் தானே பற்ற வைத்தார். முழங்கால் ஊன்றி உள்ளங்கையால் அதன்மேல் அடித்தார். ஒரே அடியில் அணையவில்லை. கையை எடுக்காமல் அமுக்கினார்.

"வாவிப் பக்கம் எண்ட காவல். நான் பாக்கல்ல. நல்லரத்தினம் அண்டைக்குக் குடிக்கல்ல." வேலப்போடியின் பக்கம் திரும்பினார். "வேலப்போடியண்ண, உங்கட மகன் டோஹாவில இருந்து சொன்னவன், தண்ணிக்குள்ள சத்தம் கேக்குதெண்டு. நான் எருமை எண்டன்."

வேலப்போடி ஒரு அடி முன்னே வந்தார்.

"நிலோஜனா?" என்று மட்டும் கேட்டார். "எண்ட மகனுக்குக் கேட்டதா?"

சேர் தலையைக் குனிந்துகொண்டார். வேலப்போடி அதற்கு மேல் அவரைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களும் பார்க்கவில்லை. இனி இவர்கள் சேர் என்று எழுந்து நிற்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும், முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த ஆறுதல் வந்தது. அந்த ஆறுதல் நிலைக்கவில்லை.

இலட்சுமிப்பிள்ளை வேம்படிக்குப் போய் நல்லரத்தினத்தின் முன்னால் நின்றாள். ஊரெல்லாம் சொன்னதைக் கேட்டு முந்தின நாள் காலை அந்தப் பையை மறுபடி படலைக்கு வெளியே வைத்தவள் அவள்தான். இப்போது முகம் முழுக்கக் கண்ணீர்.

"நான் நம்பல்ல. எண்ட பிழைதான்," என்றாள். "வாங்க. நீங்களும் அணைச்சுப்போட்டு வாங்க. குளிர்த்தியில வச்ச நேர்த்தி இன்னும் முறியல்ல எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. வீட்ட போவம்."

விதானை அவசரமாக இன்னொரு கற்பூரத்தைப் பற்ற வைத்தார். சனம் வழி விட்டது. நல்லரத்தினம் நகரவில்லை.

"அண்டைக்கு எண்டு கேட்டா அணைப்பன்," என்றார். "இண்டைக்கு எண்டு கேட்டா ஏலாது."

இலட்சுமிப்பிள்ளைக்கு விளங்கவில்லை. மற்றவர்களுக்கும் விளங்கவில்லை. சேருக்குத்தான் முதலில் விளங்கியது.

நல்லரத்தினம் எல்லாரையும் விட்டு அவரைப் பார்த்துச் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

"நேத்துப் பின்னேரம் குடிச்சிட்டன், சேர். நேத்து மத்தியானம் வரைக்கும் நீங்க வருவீங்க எண்டு வாடி வாசல்லதான் குந்திக்கிட்டு இருந்தன்."

வேம்படியில் வைத்திருந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் நடந்தார். இலட்சுமிப்பிள்ளை கூப்பிடவில்லை, போகவும் இல்லை. இரண்டாவது கற்பூரம் அணைப்பதற்கு ஆளில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. சேர் வெந்துபோன கையை மடியில் வைத்தபடி, அது எரிந்து முடியும் வரை அதன் பக்கத்திலேயே இருந்தார்.